ஒரே பழத்து விதை, ஏழு விதமான செடி

பாளையங்கோட்டையில் எங்கள் மொட்டை மாடியில் தக்காளி போட ஆரம்பித்து ஐந்து வருஷம் ஆகிறது. ஹைப்ரிட், அதாவது இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்த விதை என்றாலே முகம் சுளிப்பவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. பக்கத்து வீட்டு அண்ணாச்சி அதில் முதல் ஆள். "அது மலட்டு விதைல்லா தம்பி, போட்டா முளைக்காது" என்பார்.

முளைக்கும். நானே முளைக்க வைத்தேன், வம்பே அதில்தான் வந்தது.

முதல் இரண்டு வருஷம் நாட்டுத் தக்காளி. வெள்ளை ஈ வந்தது, இலையெல்லாம் சுருண்டது, கதை முடிந்தது. அப்புறம்தான் அர்கா ரக்ஷக் வாங்கினேன். பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ஹைப்ரிட். இலைச்சுருள் வைரஸ், பாக்டீரியா வாடல், இலைக்கருகல் மூன்றையும் தாங்கும். கார்த்திகையில் விதைத்தேன், தையில் பூத்தது. பக்கத்துத் தொட்டி நாட்டுச் செடி சுருண்டு கிடக்க, இது அசையாமல் நின்றது. செடிக்கு 19 கிலோ வரை காய்த்ததாகச் சொல்வார்கள். அது வயல், சொட்டுநீர், உரக்கணக்கு எல்லாம் உள்ள இடம். என் மாடியில் மண் நிரப்பிய ஒரு பைக்கு மூன்று கிலோ. அதிலேயே மதினி வீட்டுக்கும் கொடுத்தேன்.

ஆசை விடுமா? நல்ல பழமாகப் பார்த்து விதை எடுத்து, அடுத்த வருஷம் ஏழு நாற்று நட்டேன். ஒன்று கோலிக்குண்டு அளவு காய்த்தது. ஒன்று நீளம். ஒன்று வளர்ந்துகொண்டே போனது, காயே இல்லை. இரண்டு, பழைய நாட்டுச் செடி மாதிரியே சுருண்டன. இரண்டு மட்டும் சுமார். தாத்தா பாட்டி குணமெல்லாம் பேரப்பிள்ளைகளிடம் ஆளுக்கொன்றாகப் பிரிவது போலத்தான். முதல் தலைமுறையில் ஒன்றாக இருந்தது அடுத்ததில் கலைந்துவிடும். விதை மலடு இல்லை, அண்ணாச்சி.

மரபணு மாற்றம் என்றும் சிலர் பயமுறுத்துகிறார்கள். ஒரு பூவின் மகரந்தப் பையைக் கிள்ளிவிட்டு, வேறொரு செடியின் மகரந்தத்தைத் தொட்டு வைக்கிற கைவேலை இது. மரபணு மாற்றிய தக்காளியைப் பயிரிட நம் நாட்டில் அனுமதியே கிடையாது. காயின் அடி கறுத்தாலும் ஹைப்ரிட் மேல்தான் பழி. என் மாடியில் கறுத்ததற்குக் காரணம், கல்யாணத்துக்குப் போய் நாலு நாள் தண்ணீர் விடாத நான்தான். தண்ணீர் சீராக இல்லையென்றால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராது.

ருசி விஷயத்தில் மட்டும் நான் வாயைத் திறப்பதில்லை. தோல் கெட்டி, சதை கெட்டி. லாரியில் போக நல்லது, ரசத்துக்கு ஆகாது. "கரைச்சா கரையுதா? பந்து மாதிரில்லா இருக்கு" என்று ஆச்சி ஒதுக்கி வைத்துவிட்டாள். நல்ல வேளை, எங்கள் ஊர் தேங்காய்ப்பால் குழம்பான சொதிக்குத் தக்காளி வேண்டாம்.

இப்போது நாலு பையில் பெரியகுளத்து பி.கே.எம். 1 ரகத் தக்காளி. அது ஹைப்ரிட் இல்லை, விதை எடுத்தால் அதே மாதிரி வரும், ரசமும் புளிக்கும். இரண்டு பையில் ஹைப்ரிட், வருஷா வருஷம் புது விதை வாங்கி. சித்திரை வெயிலில் இரண்டுமே பூவைக் கொட்டுகின்றன, அதில் வித்தியாசமே இல்லை.

போன வாரம் அண்ணாச்சி நாற்று கேட்டு வந்தார். எது வேண்டும் என்றேன்.

"சுருளாததுல ரெண்டு குடு."