குழாய்க்குள் இருப்பதை உருவாதீர்கள்

பைக் சைலன்சர் சத்தத்தைப் பற்றி யார் எழுதினாலும் அது கடைசியில் "இந்தக் காலத்துப் பசங்க" என்ற புலம்பலில்தான் போய் முடிகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எனக்குப் புல்லட் பிடிக்கும். யமஹா ஆர்எக்ஸ் 100 தெருமுனையில் திரும்பும்போதே யார் வண்டி என்று சொல்லிவிடுவேன். இன்ஜின் சத்தத்தை ரசிப்பதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் சைலன்சருக்குள் இருப்பதையெல்லாம் அறுத்து வீசிவிட்டு, வெறும் குழாயை மாட்டிக்கொண்டு, ஜனங்கள் தூங்குகிற தெருவில் ஆக்சிலேட்டரை முறுக்குவது தப்பு. அப்படி ஓட்டுகிற பையன் மீது எனக்கு இருக்கிற கோபத்தைவிட, அந்தக் குழாயை மாட்டிக்கொடுத்துக் காசு வாங்குகிற கடைக்காரர் மீது இருக்கிற கோபம் அதிகம். அவரைப் பிடிக்காமல் இந்தத் தொல்லை தீராது.

முதலில் அந்தக் குழாய்க்குள் என்னதான் இருக்கிறது? துருப்பிடித்துக் கழற்றிப் போட்ட ஒரு புல்லட் சைலன்சரை, தெரிந்த மெக்கானிக் கடையில் கட்டிங் வீல் வைத்து நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். வெளியே குரோம் பூச்சு, உள்ளே ஒரே கரி. குறுக்கே வட்டமான தகடுகளை வைத்து வெல்டிங் அடித்து, உள்பக்கத்தைத் தனித்தனி அறைகளாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு தகட்டிலும் விரல் பருமனுக்கு மேல் ஒரு சின்னக் குழாய் துருத்திக்கொண்டு நின்றது. ஆனால் முதல் தகட்டுக் குழாய்க்கு நேரே அடுத்த தகட்டுக் குழாய் இல்லை, வேண்டுமென்றே தள்ளி வைத்திருந்தார்கள். ஒரு குழாய் முழுக்கச் சல்லடை மாதிரி பொடிப் பொடி ஓட்டைகள். புகை நேராகப் போக வழியே கிடையாது. ஓர் அறைக்குள் வந்து, முட்டி, திரும்பி, அடுத்த குழாயைத் தேடி நுழைந்துதான் வெளியே வர வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் நீளக் குழாய். உள்ளே ஒரு இன்ஜினியரின் கணக்கு முழுவதும் இருக்கிறது.

அந்தக் கணக்கு என்னவென்று கொஞ்சம் சொல்கிறேன். இன்ஜினிலிருந்து புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும் நேரத்தில், எரிந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் உள்ளே அடைபட்டிருக்கிறது. வால்வு திறந்ததும் அது ஒரே வீச்சில், இன்ஜினைச் சைலன்சரோடு இணைக்கிற பெண்ட் பைப்புக்குள் பாய்கிறது. சத்தம் என்று நாம் கேட்பது அந்த வீச்சைத்தான். ஒற்றை சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கிறது. 3000 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 3000 சுற்று என்றால் வினாடிக்கு 25 வெடிப்பு. தேர்க்கூட்டம் குறுகலான சந்திலிருந்து மைதானத்துக்குள் வந்ததும் நெருக்கம் தளர்கிறதே, அதுபோல ஒடுக்கமான குழாயிலிருந்து அகலமான அறைக்குள் வந்ததும் வாயுவின் அழுத்தம் தளர்கிறது. அதோடு, குழாயின் அகலம் மாறுகிற இடத்தில் சத்த அலையில் ஒரு பகுதி முன்னே போகாமல் பின்னால் திரும்பிவிடும். அறையின் நீளத்தைச் சரியாக வைத்தால், திரும்பி வரும் அலையும் புதிதாக வரும் அலையும் மோதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். தகடுகளையும் தள்ளித் தள்ளி வைத்த குழாய்களையும் இதற்காகத்தான் போட்டிருக்கிறார்கள்.

இன்னொரு முறை, சத்தத்தை உறிஞ்சுவது. ஓட்டை போட்ட குழாயைச் சுற்றிக் கிளாஸ் ஊல் என்கிற கண்ணாடி இழைப் பஞ்சை அடைத்து, அதற்கு மேல் வெளிக்கூட்டைப் போடுவார்கள். அலை அந்த இழைகளுக்குள் புகுந்து உரசி, சூடாக மாறி அடங்கிவிடும். காதைக் கிழிக்கிற கீச்சுச் சத்தத்துக்கு இது நல்ல மருந்து. அடிவயிற்றைத் தட்டுகிற 'டம் டம்' ஓசைக்கு இது போதாது. காரணம் எளிது. சூடான எக்ஸாஸ்ட் வாயுவில், 400 டிகிரி செல்சியஸ் வாக்கில், ஒலி வினாடிக்கு 520 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. வினாடிக்கு 25 முறை அதிர்கிற ஓசையின் அலைநீளம் அங்கே 20 மீட்டருக்கு மேல். ஒரு இன்ச் கனப் பஞ்சு அதை என்ன செய்துவிட முடியும்? அதனால்தான் தாழ்ந்த ஓசைக்கு அறைகளும் தகடுகளும், உயர்ந்த ஓசைக்குப் பஞ்சும் ஓட்டைகளும் தேவைப்படுகின்றன. நல்ல சைலன்சரில் இரண்டும் இருக்கும்.

கடையில் வாங்குகிற, புகை தடையில்லாமல் போகிற ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர்களின் வாயில் ஒரு சின்னத் துண்டுக் குழாயைச் செருகி, ஒரே ஒரு போல்ட்டில் பிடித்திருப்பார்கள். டிபி கில்லர் என்று பெயர், டிபி என்றால் டெசிபல். வாயைச் சுருக்கி, அலையை உள்ளே திருப்பி அனுப்புகிற வேலை அதற்கு. பிளந்து பார்த்த சைலன்சரில் இருந்த வேலைப்பாட்டோடு ஒப்பிட்டால் அது சாதாரணம்தான். ஆனாலும் அது இருக்கும்போது கேட்பதும் இல்லாதபோது கேட்பதும் வேறு வேறு வண்டியோ என்று தோன்றும். ஒரு ஸ்பேனர், ஒரு நிமிடம், கழற்றிவிடலாம். கழற்றுவதற்கு இவ்வளவு சுலபமாக அதைச் செய்திருப்பதிலேயே விற்கிறவரின் மனசு தெரிந்துவிடுகிறது.

எக்ஸாஸ்ட் சத்தத்தை அடக்க வேண்டும் என்ற எண்ணம் நேற்று வந்ததில்லை. அமெரிக்காவின் இண்டியானாவில் ரீவ்ஸ் சகோதரர்கள் இன்ஜினுக்கான மஃப்ளருக்கு, அதாவது சைலன்சருக்கு, 1897-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள். சாலையில் கார்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த காலம் அது. அப்போதே இந்தச் சத்தம் மனுஷனுக்கு ஆகாது என்று தெரிந்திருக்கிறது.

சரி, உருவி எறிகிறவர்கள் சொல்கிற காரணங்களுக்கு வருவோம்.

"பவர் கூடும்" என்பது முதல் காரணம். பந்தய வண்டியில், இன்ஜினையும் எரிபொருள் அளவையும் சேர்த்து மாற்றி, உயர் ஆர்பிஎம்மில் மட்டுமே ஓட்டுகிறவருக்கு அது ஓரளவு உண்மை. தெருவில் ஓட்டும் 350 சிசி வண்டியில் குழாயை மட்டும் காலி செய்தால் நடப்பது வேறு. குழாய்க்குள் திரும்பி வருகிற அலை, சரியான நேரத்தில் வால்வை எட்டினால், மிச்சமிருக்கும் புகையை வெளியே இழுக்க உதவும். கம்பெனிக்காரர்கள் குழாயின் நீளத்தையும் அறைகளையும் இதையும் பார்த்துத்தான் வடிவமைக்கிறார்கள். அதைக் கலைத்தால் பெரும்பாலும் கீழ் ஆர்பிஎம்மில் இழுவை குறையும். டிராஃபிக்கில் நமக்கு வேண்டியது அந்த இழுவைதான். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இது இன்னும் மோசம். அதன் எக்ஸாஸ்ட் குழாயின் வடிவமே இன்ஜினின் ஒரு பாகம் மாதிரி வேலை செய்கிறது. ஆர்எக்ஸ் 100-ன் சைலன்சரில் கரி அடைத்தால் உள்ளே சத்தத்தைத் தடுக்கிற பேஃபிள் என்ற பாகத்தைக் கழற்றிச் சுட்டுச் சுத்தம் செய்து திரும்ப மாட்டுவதுதான் பழைய மெக்கானிக்குகளின் வழக்கம். வண்டியைத் தெரிந்தவர்கள் அதைத் தூக்கிப் போடவில்லை.

சத்தம் கூடியதும் வேகம் கூடினாற்போல் காதுக்குத் தோன்றுகிறது, அவ்வளவுதான். ஆக்சிலேட்டரை விட்டதும் படபடவென்று வெடிப்பதைப் பெருமையாக வீடியோ எடுத்துப் போடுகிறார்கள். எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் காற்றோடு சேர்ந்து எரிவதன் சத்தம் அது. அந்தப் பெட்ரோலுக்கு அவர்கள் பங்க்கில் பணம் கொடுத்திருக்கிறார்கள். பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்த வண்டிகளில், சைலன்சரோடு நச்சு வாயுவைக் குறைக்கிற கேடலிடிக் கன்வெர்ட்டரையும் சேர்த்துத் தூக்கினால், சத்தத்தோடு நச்சுப் புகையும் தெருவுக்கு வருகிறது.

"புல்லட் என்றால் அந்த 'டம் டம்' வேண்டும்" என்பது இரண்டாவது காரணம். இதைச் சொல்கிறவர்கள்மேல் எனக்கு அன்புதான், ஏனென்றால் எனக்கும் அது வேண்டும். ஆனால் பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட்டின் அந்த நடை சைலன்சரைப் பிரித்ததால் வந்ததில்லை. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 90 மில்லிமீட்டர், கனமான ஃப்ளைவீல். அதனால் ஐடிலிங்கில் மெதுவாக, அணையாமல் நின்று ஓடும். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் 400 வெடிப்பு. ஒரு வெடிப்புக்கும் அடுத்த வெடிப்புக்கும் நடுவே காதுக்குப் பிடிபடுகிற ஓர் இடைவெளி. அந்த இடைவெளிதான் அழகு. திருவொற்றியூர் ஆலையிலிருந்து அந்த வண்டிகள் ஒழுங்கான சைலன்சரோடுதான் வெளியே வந்தன. கூர்மையான இரைச்சலை உள்ளுறுப்புகள் வடிகட்டி எடுத்ததால்தான் தாழ்ந்த ஓசை தனித்துத் தெரிந்தது. இன்றைக்கு பஞ்சாப் சைலன்சர், இந்தோரி, ஷார்ட் பாட்டில் என்று மாட்டுவதில் வருவது அந்த நடை இல்லை. எல்லா ஓசையும் ஒன்றாகக் கொட்டுகிற வெறும் இரைச்சல்.

மூன்றாவது காரணம், "சத்தம் கேட்டால்தான் லாரிக்காரன் ஒதுங்குவான்" என்பது. குழாயின் வாய் பின்னால் பார்த்திருக்கிறது. எதிரே வருகிறவருக்குக் கேட்பதைவிடப் பின்னால் வருகிறவருக்கும், நாம் கடந்துபோன வீட்டுக்காரருக்கும்தான் அதிகம் கேட்கும். முன்னால் போகிறவருக்கு நாம் வருவதைத் தெரிவிக்க ஹெட்லைட்டும் ஹாரனும் இருக்கின்றன.

கடந்துபோன வீட்டில் என்ன நடக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. எங்கள் தெருவில் இரண்டு பக்கமும் சுவரோடு சுவராக வீடுகள். ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு வண்டி போனால், நிறுத்தியிருக்கிற கார்களின் அலாரம் ஒவ்வொன்றாக அலறும். நாய்கள் ஓடும். தொட்டிலில் இருக்கும் குழந்தை கைகால் இரண்டையும் உதறிக்கொண்டு விழிக்கும். எதிர் வீட்டுப் பெரியவர் ஆஞ்சியோ செய்துகொண்டவர். எழுந்து நெஞ்சில் கைவைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார், அப்புறம் விடியும்வரை தூக்கம் வராது. ஓட்டிப் போனவருக்கு எல்லாம் சேர்த்து பத்து வினாடி. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 2000-ல் வந்த ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. டெசிபல் கணக்கில் பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு ஆகிவிடும் என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, ஒவ்வொரு வண்டியிலும் சைலன்சர் இருந்தாக வேண்டும் என்கிறது. 175 சிசிக்கு மேற்பட்ட பைக், கம்பெனிச் சோதனையில் ஏழரை மீட்டர் தள்ளி வைத்த மைக்கில் 80 டெசிபலைத் தாண்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், சிறைக்கும் இடம் உண்டு. வண்டியை அனுமதியில்லாமல் மாற்றினால் உரிமையாளருக்கு 182ஏ பிரிவும் காத்திருக்கிறது. ஆனால் அதே 182ஏ, பாகம் விற்கிறவரைப் பற்றிப் பேசும்போது, பாதுகாப்புக்கு மிக முக்கியம் என்று அரசு அறிவித்த பாகங்களோடு நின்றுவிடுகிறது. நடைமுறையில் பிடிபடுவது எப்போதும் வண்டி ஓட்டுகிற பையன். பல ஊர்களில் போலீஸ் சைலன்சர்களைப் பிடுங்கி, ரோட்டில் வரிசையாக அடுக்கி, ரோடு ரோலர் ஏற்றி நசுக்குகிறது. மறுநாள் அதே பையன் அதே கடைக்குப் போய் இன்னொன்று வாங்குகிறான். கடைக்காரருக்கு அதனால் வியாபாரம்தான் கூடுகிறது.

ஐரோப்பாவில் மாற்றுச் சைலன்சருக்குத் தனியாக ஒப்புதல் முத்திரை உண்டு. உலோகத்திலேயே அடித்திருப்பார்கள். முத்திரை இல்லாததை மாட்டிக்கொண்டு சாலையில் ஓட்ட முடியாது. நின்ற நிலையில் வண்டி எவ்வளவு சத்தம் போடும் என்ற அளவும் ஆவணத்தில் பதிவாகிறது. அந்த எண்ணை வைத்துத்தான் ஆஸ்திரியாவின் டிரோல் மாகாணம் 2020 கோடைக்காலத்தில் 95 டெசிபலுக்கு மேல் பதிவான பைக்குகளைச் சில மலைச்சாலைகளில் தடை செய்தது. பைக்காரர்கள் கொதித்தார்கள். மலையடிவாரத்தில் வீடு வைத்திருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

நம் ஊரில் இதைச் செய்யப் புதிதாக ஒரு துறையே தேவையில்லை. பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கப் போகும்போது என்ன செய்கிறார்கள்? சைலன்சர் வாய்க்குள் ஒரு குழாயை விட்டு, புகையை மட்டும் அளக்கிறார்கள். வண்டி அங்கேயே நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, ஆள் பக்கத்திலேயே இருக்கிறார். சைலன்சர் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் ஒரு ஒலிமானியைப் பிடித்து, குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் அளந்தால் முடிந்தது. நின்ற நிலைச் சோதனைக்கு உலகம் முழுக்க இதுதான் முறை. அந்த எண்ணையும் சர்டிபிகேட்டில் அச்சடியுங்கள். கூடவே, ஒப்புதல் முத்திரை இல்லாத சைலன்சரை விற்பதும் மாட்டிக்கொடுப்பதும் குற்றம் என்று ஒரு வரி சேருங்கள். கடையில் தொங்குகிற குழாயைப் பார்த்தாலே தெரியும், உள்ளே ஒன்றுமில்லாமல் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதா என்று. அதற்கு ஒரு மீட்டர்கூட வேண்டாம்.

சைலன்சர் மாற்றியே தீர வேண்டும் என்கிற தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். உள்ளே டிபி கில்லரை வெல்டிங் வைத்த சைலன்சராகக் கேட்டு வாங்குங்கள். கிளாஸ் ஊல் சில வருஷத்தில் கருகி உதிரும், சத்தம் மாறினால் பிரித்துப் புதிதாக அடையுங்கள். பெண்ட் பைப் சேருகிற இடத்தில் கேஸ்கெட் போயிருந்தால் அதை மாற்றுங்கள், பாதிப் படபடப்பு அதிலேயே நின்றுவிடும். பழைய சைலன்சரைக் காயலான் கடைக்குப் போடாமல் வீட்டில் எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும்போது வாங்க வருகிறவர் முதலில் கேட்பது அதைத்தான்.