650 வார்த்தையும் ஒரு பாட்டியும்

சித்தப்பா: சரி, பாட்டி செத்துட்டாங்கன்னு வெச்சுக்குவோம்.

காவ்யா: பாட்டி அடுத்த ரூம்ல சீரியல் பாத்துட்டு இருக்காங்க சித்தப்பா.

சித்தப்பா: எனக்குத் தெரியாதா? எங்கம்மாதானே. ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அமெரிக்க காலேஜ்ல சேர முகில் அப்ளிகேஷனோட அனுப்பற கட்டுரைக்குத் தலைப்பு கிரியேட்டிவ்வா இருக்கணும்னு நீதானே சொன்னே?

காவ்யா: அதுக்காக உயிரோட இருக்கறவங்களைக் கொல்லச் சொல்லல.

சித்தப்பா: கிரியேட்டிவ்னா கற்பனை. கற்பனைன்னா நடக்காதது. நடந்ததையே எழுதினா அதுக்குப் பேரு கிரியேட்டிவ்வா, டைரியா?

காவ்யா: சப்மிட் பண்றதுக்கு முன்னாடி, இதுல இருக்கறது எல்லாம் உண்மை, என் சொந்த எழுத்துன்னு உங்க பையன் உறுதி கொடுத்துக் கையெழுத்துப் போடணும். பொய்னு பின்னாடி தெரிஞ்சா, கொடுத்த சீட்டையே திருப்பி வாங்கிக்கலாம்.

சித்தப்பா: அவங்க வந்து பாட்டியை எண்ணிப் பாக்கவா போறாங்க?

காவ்யா: எண்ண வேண்டாம். ஏற்கெனவே அவங்க மேஜை பூரா செத்த பாட்டிதான். நிஜமா பாட்டியைப் பறிகொடுத்த பசங்களே அதை எழுதத் திணறுறாங்க, துக்கம் எல்லாருக்கும் ஒரே வார்த்தையில வர்றதால. நீங்க இல்லாத துக்கத்தை எழுதச் சொல்றீங்க.

சித்தப்பா: அப்போ முழங்கால்.

காவ்யா: எந்த முழங்கால்?

சித்தப்பா: டென்னிஸ் ஆடறப்போ ஜவ்வு கிழிஞ்சுது. ஆறு மாசம் படுக்கை. திரும்பி வந்து கோப்பை வாங்கினான்.

காவ்யா: முகில் டென்னிஸ் ஆடுவானா?

சித்தப்பா: ராக்கெட் இருக்கு.

காவ்யா: கிழிஞ்ச முழங்கால் எல்லாம் சரியா அப்ளிகேஷன் போடற அக்டோபர்லதான் கூடுது. படிக்கறவங்களுக்கு முதல் வரியிலயே கோப்பை தெரிஞ்சுடும்.

சித்தப்பா: வருஷா வருஷம் பத்துப் பசங்களுக்குத் திருத்தித் தர்ற, சொந்தத் தம்பிக்கு மட்டும் எதைச் சொன்னாலும் வேண்டாங்கற. சரி, இது நிஜமா நடந்தது. லீவுல ஊருக்குப் போனப்போ ரெண்டு வாரம் அங்க பசங்களுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தான். போட்டோ இருக்கு.

காவ்யா: கடைசி வரி நான் சொல்லவா? 'நான் கற்றுக்கொடுக்கப் போனேன். உண்மையில் அவர்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.'

சித்தப்பா: நீ எப்போ படிச்சே? நேத்து ராத்திரிதானே எழுதினேன்!

காவ்யா: எழுதினீங்களா? நீங்களா?

சித்தப்பா: முன்னுரை, பொருளுரை, முடிவுரை மட்டும்தான். மத்ததெல்லாம் அவன்.

காவ்யா: மத்ததுன்னா?

சித்தப்பா: பேரு, விலாசம்.

காவ்யா: கொடுங்க பாப்போம். 'அறிஞர் ஒருவர் கூறியதுபோல...' சித்தப்பா, மேற்கோள் 31 வார்த்தை. அதுக்கு விளக்கம் 80. உச்ச வரம்பே 650. அதுல 111 போயாச்சு, முகில் இன்னும் மேடைக்கே வரல.

சித்தப்பா: 650 பத்தலைன்னா அடிஷனல் ஷீட் வாங்கிக்கலாமே.

காவ்யா: ஷீட்டே கிடையாது. வெப்சைட்ல ஒரு பெட்டி. 651வது வார்த்தையை அது ஏத்துக்காது. 250க்குக் கீழ போனாலும் ஏத்துக்காது.

சித்தப்பா: கேள்வி எத்தனை?

காவ்யா: காமன் ஆப்ல, அதான் நிறைய காலேஜுக்குப் பொதுவா ஒரே அப்ளிகேஷன் போடற வெப்சைட், அதுல ஏழு. ஒண்ணுக்கு எழுதணும். ஏழாவது, எதைப் பத்தி வேணா எழுதிக்கோங்கறது.

சித்தப்பா: எதுக்கு மார்க் ஜாஸ்தி?

காவ்யா: எதுக்கும் மார்க்கே இல்ல. கேள்வியைப் பாத்துட்டு எழுத உக்காந்தாத்தான் 'சவால்'னு ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு முழங்காலைத் தேடுவீங்க. முதல்ல எழுதணும். எழுதினது எந்தக் கேள்விக்குப் பொருந்துதோ, அப்புறமா அதைத் தேர்ந்தெடுத்தா போதும். எதுக்கும் பொருந்தலைன்னா ஏழாவது.

சித்தப்பா: சிகாகோ யூனிவர்சிட்டிக்கும் போடறான். அங்க கேள்வி வேற மாதிரி இருக்குமாமே?

காவ்யா: ஆமா, அது தனிக் கட்டுரை. முன்ன ஒரு தடவை கேள்வியே 'எக்ஸைக் கண்டுபிடி.' அவ்வளவுதான்.

சித்தப்பா: சமன்பாடு?

காவ்யா: இல்ல.

சித்தப்பா: அப்போ கேள்வித்தாள்ல பிழை. எக்ஸ்னு எழுதி வெச்சாலே முழு மார்க் கொடுத்திருக்கணுமே.

காவ்யா: கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு அப்ளிகேஷனே தனி. எட்டுக் கேள்வி, நாலுக்குப் பதில், ஒவ்வொண்ணும் 350 வார்த்தைக்குள்ள.

சித்தப்பா: 'எவையேனும் நான்கனுக்கு விடையளி.' அப்படிச் சொல்லு! இவங்க நம்ம ஆளுங்க.

காவ்யா: அங்கயும் பாட்டி சாகக் கூடாது.

சித்தப்பா: சரி, இந்த ஏஐகிட்ட கொடுத்தா?

காவ்யா: ஏஐ எழுதினதைச் சொந்த எழுத்துன்னு கொடுத்தா மோசடின்னு காமன் ஆப் விதியிலயே இருக்கு.

சித்தப்பா: அப்பா எழுதினா? நான் ஏஐ இல்லையே.

காவ்யா: 'அறிஞர் ஒருவர் கூறியதுபோல'ன்னு ஆரம்பிக்கறவரை எப்படி நம்பறது?

சித்தப்பா: என்னை விடு. அவன் ரோபோடிக்ஸ் கேப்டன். அதை எழுதலாமா, கூடாதா?

காவ்யா: ஆக்டிவிட்டீஸ்னு ஒரு பகுதி இருக்கு. பத்து இடம், ஒவ்வொண்ணையும் விவரிக்க 150 எழுத்து. கேப்டன், கோப்பை எல்லாம் அங்க வந்தாச்சு. கட்டுரையில அதையே திரும்பச் சொன்னா 650 வார்த்தையும் தண்டம். நான் பசங்ககிட்ட முதல்ல கேக்கறதே, வேற எந்தப் பெட்டியிலயும் வராத வேலை என்ன பண்றேன்னுதான். யாரும் சொல்லாம, மார்க் இல்லாம, சர்டிஃபிகேட் இல்லாம கை தானா போற வேலை. ஒரு இருபது எழுதச் சொல்லுவேன். அப்புறம் ஒவ்வொண்ணா அடிக்கணும். கிளாஸ்ல இன்னொருத்தன் பேரைப் போட்டாலும் பொருந்துமா, அடி. என்ன பண்ணேன்னு பத்து வரி சொல்ல முடியல, 'ஆர்வம்', 'விடாமுயற்சி'ன்னு குணம்தான் வருது, அதையும் அடி. இருபதுல ரெண்டு நின்னாலே பெரிசு.

சித்தப்பா: லஞ்ச் பாக்ஸ்? இவன் டப்பாவைத் திறந்தான், பக்கத்துல இருந்த பசங்க மூக்கைப் பொத்திக்கிட்டாங்க...

காவ்யா: கடைசிப் பாராவுல அதே டப்பாவைப் பெருமையா திறந்தான். இன்னொருத்தன் பேரு பொருந்துமா?

சித்தப்பா: ...அடி.

காவ்யா: இத்தனை பேசிட்டோமே, முகிலை ஒரு தடவையாவது கேட்டீங்களா?

சித்தப்பா: அவனை எதுக்கு? நவம்பர் 1 கடைசி நாள், துரை உள்ள உக்காந்து சாமி படத்தைக் கத்தரிச்சு ஒட்டிட்டு இருக்கார்.

காவ்யா: எதுல?

சித்தப்பா: அது ஒண்ணுமில்ல. அம்மாவோட மாத்திரை டப்பா. ஏழு மூடி, ஒவ்வொரு மூடி மேலயும் ஒரு இங்கிலீஷ் எழுத்து. எஸ், எம், டி, டபிள்யூ, டி, எஃப், எஸ். டி ரெண்டு, எஸ் ரெண்டு. எது செவ்வாய், எது வியாழன்னு அம்மாவுக்குக் குழப்பம். அதனால இவன் எழுத்து மேல சாமி படம் ஒட்டிட்டான். ஞாயிறுக்கு சூரியன், திங்களுக்கு சிவன், செவ்வாய்க்கு முருகன், வியாழனுக்கு தட்சிணாமூர்த்தி, வெள்ளிக்கு அம்மன், சனிக்கு ஆஞ்சநேயர். புதனுக்குத்தான் சட்டுனு சாமி மாட்டல. காலியா விடக் கூடாதேன்னு பிள்ளையாரை ஒட்டினான். அங்க விழுந்துது வினை.

காவ்யா: ஏன்?

சித்தப்பா: அம்மா டப்பாவை எடுத்ததும் முதல்ல யாரைத் திறப்பாங்க? ஞாயித்துக்கிழமையே புதன் மாத்திரை காலி. திங்கள், செவ்வாய் ஒழுங்கா போகும். புதன்கிழமை பிள்ளையாரைத் திறந்தா ஒண்ணுமில்ல. 'சாப்பிட்டாச்சு போலிருக்கு'ன்னு மூடி வெச்சுடுவாங்க. ஒவ்வொரு வாரமும் ஒரு நாள் மாத்திரை இல்லாமலே போயிருக்கு. மூணாவது வாரம் டப்பாவை நிரப்ப உக்காந்தப்போதான் இவனுக்கு உறைச்சுது, ஞாயிறு மூடி மட்டும் எப்பவும் நிறைஞ்சே இருக்கேன்னு.

காவ்யா: அப்புறம்?

சித்தப்பா: அம்மாகிட்டயே கேட்டான். அவங்க சொல்லித்தான் பிள்ளையாரை ஞாயிறுக்கு மாத்தி, புதனுக்குப் பெருமாள். சூரியனுக்கு வேலை போச்சு. அதை விடு, தலைப்புக்கு வா. பாட்டி செத்துட்டாங்கன்னு...

காவ்யா: சித்தப்பா. டப்பா கதையை இன்னொரு தடவை சொல்லுங்க. எழுதிக்கறேன்.

சித்தப்பா: இதையா? ஸ்டிக்கர் ஒட்டினதையா? காலேஜ்ல சிரிக்க மாட்டாங்க? வேணா ஒரு ஆப் செஞ்சான்னு போட்டுக்கலாம். 'முதியோருக்கான நவீன மருந்து மேலாண்மை.'

காவ்யா: ரெண்டே வாரம் பாத்த பசங்களைப் பத்தி ஒரு பக்கம் உருகி எழுதிட்டீங்க. உங்க அம்மாவுக்கு உங்க பையன் செய்யறதை, எந்தக் கிழமைக்கு எந்தச் சாமின்னு தலைகீழா ஒப்பிக்கறீங்க. ஆனா ஆரம்பிக்கறப்போ 'அது ஒண்ணுமில்ல'.

சித்தப்பா: ...

காவ்யா: இதுல இன்னொருத்தன் பேரு பொருந்தாது. முதல் வரி, ஞாயிறு மூடி மட்டும் மூணு வாரமா நிறைஞ்சே இருக்கு. அவ்வளவுதான். மேற்கோள் வேண்டாம், பாட்டியோட நரைச்ச முடி வேண்டாம். என்ன மாத்திரை, என்ன வியாதிங்கறதும் வேண்டாம், அது அவங்க சொந்த விஷயம்.

சித்தப்பா: ஏழு சாமியையும் வெள்ளைக்காரனுக்கு விளக்கணுமே? 650 பத்துமா?

காவ்யா: ஏழையும் விளக்கினா அது கோயில் தல வரலாறு. பிள்ளையாருக்கு மட்டும் ஒரு வரி, எதுக்கும் அவரைத்தான் முதல்ல கூப்பிடுவோம்னு. அது தெரியலைன்னா ஞாயித்துக்கிழமை என்ன நடந்துதுன்னு புரியாது. மத்தவங்க பேரு வந்தா போதும்.

சித்தப்பா: அப்போ மீதி இடம் பூரா பாட்டி.

காவ்யா: பாட்டிக்கு 150 வார்த்தை. அதுக்கு மேல போனா காலேஜ் பாட்டிக்கு சீட்டு கொடுத்துடும். மீதி 500 முகில். எழுத்துதான் பிரச்னைன்னு அவனே முடிவு பண்ணி, பாட்டியைக் கேக்காம ஒட்டினான் பாருங்க, தப்பு அங்க. அதை மறைக்காம எழுதணும். முதல் தடவை கேள்வியைப் பாக்காம 900 வார்த்தை வரைக்கும் ஓடட்டும். அப்புறம் வெட்டணும். அனேகமா முதல் ரெண்டு பாராவும் தொண்டையைச் செருமறதாத்தான் இருக்கும். மூணாவது பாராவுல கட்டுரை ஆரம்பிச்சிருக்கும்.

சித்தப்பா: கடைசியில 'இதன் மூலம் நான் பொறுமையைக் கற்றேன்'?

காவ்யா: நீங்க தள்ளி உக்காருங்க.

சித்தப்பா: சரி சரி. முடிவுரையில மட்டும் பாட்டி...

காவ்யா: சித்தப்பா!

சித்தப்பா: ...இப்போ ஒழுங்கா மாத்திரை சாப்பிடறாங்கன்னு போடலாமான்னு கேக்க வந்தேம்மா.

காவ்யா: சாப்பிடறாங்களா?

சித்தப்பா: இரு. இன்னைக்கு என்ன கிழமை?

காவ்யா: புதன்.

சித்தப்பா: (அடுத்த ரூமை எட்டிப் பார்த்து) அம்மா, பெருமாளைத் திறந்தியா?