கீறல் விழாத சால்ஸா ரெக்கார்டை நான் நம்புவதில்லை

போன வாரம் இங்கே ஒரு ரெக்கார்டு படம் போட்டிருந்தேன். அதற்குக் கீழே நண்பர் ஒருவர், "இவ்வளவு கீறல் இருக்கே, இதையா காசு கொடுத்து வாங்கினீங்க?" என்று கேட்டிருந்தார். இரண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், கை நிற்கவில்லை. நேரம் இருப்பவர்கள் படியுங்கள்.

அந்த ரெக்கார்டு 1967-ல் வந்த 'எல் மாலோ', கியூபத் தாளங்களை வைத்து நியூயார்க்கின் ஸ்பானிஷ் பேசும் மக்கள் வளர்த்த ஆட்ட இசையான சால்ஸா. வில்லி கொலோனின் முதல் ஆல்பம், பாடியவர் ஹெக்டர் லாவோ. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த, கரீபியன் தீவான போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த குடும்பத்துப் பையன் கொலோனுக்கு அப்போது பதினேழு வயது. மீசை சரியாக முளைக்காத வயதில் டிராம்போன் என்ற பித்தளை ஊதுகருவியைக் கையில் வைத்துக்கொண்டு தெருச்சண்டைக்கு வருகிறவன் மாதிரி ஊதியிருப்பான். லாவோ போர்ட்டோ ரிக்கோவின் போன்சே என்ற ஊரிலிருந்து பாடகனாகும் ஆசையில் நியூயார்க் வந்து நாலு வருடம்தான் ஆனவர். இதை வெளியிட்ட ஃபானியா, 1964-ல் ஜானி பசேக்கோ என்ற டொமினிகன் புல்லாங்குழல்காரரும் ஜெர்ரி மசூச்சி என்ற வக்கீலும் (அதற்கு முன் போலீஸ்காரர்) சேர்ந்து தொடங்கிய கம்பெனி.

சரி, எனக்கு இது கிடைத்த கதை. பிராங்க்ஸில் ஒரு பழைய குடியிருப்பில் வயதான அம்மா ஒருவர் வீட்டைக் காலி செய்துவிட்டு ஃப்ளோரிடாவில் மகளோடு இருக்கப் போகிறார், கணவருடைய ரெக்கார்டுகள் நாலு பெட்டி இருக்கின்றன என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். போனேன். வேண்டியதை எடுத்துக்கொள் மிஹோ என்றார் அந்த அம்மா. நம் ஊரில் பாட்டிகள் 'ராசா' என்பார்களே, அந்த மாதிரி ஒரு விளி அது. ஒவ்வொரு ரெக்கார்டின் லேபிளிலும் நீல நிற பால்பாயின்ட் பேனாவால் கணவர் பெயரும் வீட்டு எண்ணும் எழுதியிருந்தன. கவரின் பின்பக்கமும் அதே. ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தார். சனிக்கிழமை ராத்திரி யாராவது ஒருவர் வீட்டில் ஆட்டம், எல்லோரும் அவரவர் ரெக்கார்டைக் கொண்டு வருவார்கள், விடியற்காலை வீடு திரும்பும்போது எது யாருடையது என்று சண்டை வரக்கூடாதே. எங்கள் வீட்டில் எவர்சில்வர் பாத்திரங்களில் அம்மா பெயர் வெட்டி வைத்ததும் இதே காரணத்துக்குத்தான்.

ஆனால் ரெக்கார்டு விற்கிற தளங்களில் இந்தப் பேனா எழுத்து ஒரு குறை. 'லேபிளில் எழுத்து உள்ளது' என்று போட்டு விலையைக் குறைப்பார்கள். கவரின் ஓரம் தேய்ந்தால் ஒரு படி கீழே, மேற்பரப்பில் மயிரிழைக் கீறல் என்றால் இன்னொரு படி கீழே. ஜாஸ், ராக் சேகரிப்பவர்கள் போட்ட கணக்கு இது. எனக்கு இதில்தான் சண்டை. இந்தப் பாட்டெல்லாம் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கேட்க எடுத்ததில்லை. பிராட்வேயும் 53-ஆம் தெருவும் சந்திக்கிற இடத்தில் 1966 வரை இருந்த பல்லேடியம் ஆட்ட அரங்கில் டீட்டோ புவெந்தே என்ற பெரிய வாத்தியக்காரர் டிம்பாலெஸ் என்ற இரட்டை முரசு அடித்தால் கால்கள் என்ன செய்தனவோ, அதை வீட்டுக்குள் கொண்டு வருவதற்காக அச்சடித்தவை. பச்சைத் துவரை போட்ட சோறு ஒரு பக்கம், ரம் ஒரு பக்கம், பெரியவர்கள் பதினைந்து பேர் குதிக்கிற மரத்தரையில் டர்ன்டேபிளின் ஊசி தாவாமல் என்ன செய்யும்? அம்பது வருடத்துக்கு முந்தைய சால்ஸா ரெக்கார்டு இன்று பளபளவென்று வந்தால், அதை வாங்கியவருக்கு அது பிடிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றும்.

எனக்கே இந்த இசை பிடிபட நாளானது. எம்.எஸ்.வி பாட்டுகளில் பாங்கோஸ் கேட்டு வளர்ந்த காது, தாளம் தெரியும் என்ற திமிர் வேறு. முதல் ஆறு மாதம் தொடையில் தட்டித் தட்டிப் பார்த்தும் எங்கோ வழுக்கிக்கொண்டே இருந்தது. காரணம் அப்புறம்தான் புரிந்தது. இந்த இசையின் முதுகெலும்பு கிளாவே, இரண்டு கட்டைகளைத் தட்டி வருகிற ஐந்து அடி. ஒரு பாதியில் மூன்று, மறு பாதியில் இரண்டு. சில பாட்டில் மூன்று முதலில் வரும், சிலதில் இரண்டு முதலில் வரும், ஆனால் பாட்டு ஓடத் தொடங்கியபின் மாற்றக்கூடாது. கட்டையை யாருமே அடிக்காத இடத்திலும் எல்லார் மனதிலும் அது ஓடிக்கொண்டிருக்கும். அதைவிடக் குழப்பம் பேஸ், அதாவது அடிக்குரலில் ஒலிக்கும் பெரிய தந்தி வாத்தியம். நாம் 'சமம்' என்று நினைத்துக் கையை இறக்கும் இடத்தில் பேஸ்காரர் பெரும்பாலும் அடிக்கவே மாட்டார். நாலாவது எண்ணிக்கையிலேயே அடுத்த சுற்றின் ஸ்வரத்தை அடித்துவிட்டு அப்படியே இழுத்துக்கொண்டு போவார். நம் பாஷையில் சொன்னால், ஒவ்வொரு சுற்றிலும் தாளத்துக்கு முன்னாலேயே தொடங்கிவிடும் அதீத எடுப்பு. தட்டுவதை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்த அன்றுதான் எனக்கு வழி கிடைத்தது. பியானோக்காரர் எடி பால்மியேரியின் அறுபதுகளின் ரெக்கார்டுகளைப் போட்டுக்கொண்டு சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்து பாருங்கள், மனைவி ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

கீறலைப் பற்றிப் பேசினால் காலி என்ற ஊரைச் சொல்லாமல் விட முடியாது. காலி கொலம்பியாவின் மேற்குப் பக்கத்து ஊர். பக்கத்துத் துறைமுகமான புவெனவென்சுராவில் இறங்குகிற கப்பல்காரர்கள் நியூயார்க்கிலிருந்து ரெக்கார்டு கொண்டு வருவார்கள். அறுபதுகளில் அந்த ஊர் ஆட்டக்காரர்களுக்கு நியூயார்க் வேகம் போதவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா, நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய எல்பியை 45-ல் ஓடவிட்டார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே வேகம் கூடும், பாடகர் குரல் சின்னப் பையன் குரலாகிவிடும். யாருக்குக் கவலை? கண்ணுக்குத் தெரியாமல் கால் ஓடுகிற காலி பாணி ஆட்டம் அதில்தான் வளர்ந்தது. 'ஸ்டுடியோவில் கேட்ட மாதிரியே கேட்க வேண்டும்' என்று சொல்லி ஒரு ஸ்பீக்கர் கம்பிக்கு நானூறு டாலர் கொடுக்கும் நண்பர்கள் இதை ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும். அந்த ஊரில் சேகரிப்பவரை மெலோமனோ, இசைப் பைத்தியம், என்பார்கள். டிசம்பர் திருவிழாவில் இந்தப் பைத்தியங்கள் கூடி ஆளுக்கு ஒரு ரெக்கார்டாகப் போட்டுக் காட்டுவதற்கென்றே ஒரு கூட்டம் நடக்கிறது. அங்கே மதிப்பு அடுத்தவரிடம் இல்லாத பாட்டுக்கு.

அதே கொலம்பியாவின் கரீபியன் கரையில் பர்ரான்கீயா, கார்த்தஹேனா பக்கம் கதை இன்னும் முற்றியது. அங்கே பிக்கோ என்று ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும் ஒலிபெருக்கிப் பெட்டிகள், முகப்பு முழுக்கப் பளிச்சென்று ஓவியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். நம் ஊர்த் திருவிழா சவுண்டு சர்வீஸ்காரர்கள் ஒருவருக்கொருவர் போட்டி போடுவார்களே, அதே ரோஷம். ஒரு பிக்கோ வைத்திருக்கும் பாட்டு இன்னொருவனுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக ரெக்கார்டின் லேபிளையே சுரண்டிவிடுவார்கள், பாட்டுக்குத் தாங்களே புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். அப்படிச் சுரண்டியதில் நிறைய ஆப்பிரிக்க ரெக்கார்டுகள். இதில் ஒரு அழகு இருக்கிறது. 1933 முதல் எச்.எம்.வி கம்பெனி ஜிவி என்ற வரிசையில் கியூபப் பாட்டுகளை 78 சுற்று ரெக்கார்டுகளாக ஆப்பிரிக்காவுக்கு அனுப்பியது. காங்கோக்காரர்கள் அதைக் கேட்டு கிட்டாரில் தங்கள் ரும்பாவை உண்டாக்கினார்கள். அந்த ஆப்பிரிக்க இசை எழுபதுகளில் ரெக்கார்டாகக் கொலம்பியக் கரைக்கு வந்து, பிக்கோவில் ஓடி, சம்பேத்தா என்ற புது இசைக்கு விதை போட்டது. அட்லாண்டிக் கடலை இத்தனை தடவை தாண்டின பாட்டை நான் பஞ்சு வைத்துத் துடைத்து பாலித்தீன் உறைக்குள் வைத்துப் பூட்டுவதா?

வைக்கிறேன் என்பதுதான் உண்மை. இதில் நானும் யோக்கியன் இல்லை. அந்த அம்மாவிடம் பெட்டிக்கு அம்பது டாலர் கொடுத்தேன், அவர் கேட்டதைவிட அதிகம், ஆனால் சந்தை விலையில் கால்வாசிகூட வராது. கணவர் பெயர் எழுதிய ரெக்கார்டுகள் அவருக்கும் முழங்கால் வலியோடு மாடிப்படி இறக்க முடியாத பாரம்தான், இருந்தாலும் கார் வரைக்கும் வந்து பார்த்துவிட்டுத்தான் போனார். 2018-ல் ராப் பாடகி கார்டி பி, சால்ஸாவுக்குச் சற்று முந்தைய பூகலூ என்ற ஆட்ட இசையில் வந்த ஒரு பழைய பாட்டை எடுத்துத் தன் பாட்டில் சேர்த்து அது அமெரிக்காவில் முதலிடம் வந்தபின், பிராங்க்ஸ் பெட்டிகளைத் தேடி வருகிற என்னைப் போன்றவர்கள் கூடிவிட்டார்கள். லண்டனிலும் டோக்கியோவிலும் இருக்கும் அலமாரிகளுக்கு இவை போய்ச் சேர்ந்தால், அந்தத் தெருப் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சுவது ஃபோனில் கேட்கிற பாட்டுதான். இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. நான் செய்வதெல்லாம், வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவது, கேட்பவர்களுக்கு இரவல் கொடுப்பது. இரண்டு திரும்பி வரவில்லை. நானும் பெயர் எழுதியிருக்க வேண்டும்.

கீறலே வேதம் என்று சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஊசி தாவிக்கொண்டே இருந்தால் ரெக்கார்டு செத்த மாதிரிதான். ஹவானாவில் 1944-ல் தொடங்கிய பனார்ட் கம்பெனி 1961-ல் அரசுடைமையான பிறகு கியூபாவில் அச்சடித்த பல எல்பிக்கள் புதிதிலேயே வறுகடலை பொரிகிற சத்தத்தோடுதான் வந்தன, அதை ரசி என்று யாரையும் வற்புறுத்த மாட்டேன். நல்ல மறுபதிப்பு வந்தால் வாங்குங்கள், காது குளிரக் கேளுங்கள். கவரில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஃபானியா கம்பெனியின் நட்சத்திரங்கள் சேர்ந்த குழுவான ஃபானியா ஆல் ஸ்டார்ஸ் 1973 ஆகஸ்டில் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் வாசித்தபோது, மோங்கோ சாந்தமரியாவும் ரே பர்ரேத்தோவும் காங்கா என்ற உயரமான முரசு தட்டிக்கொண்டிருந்த இடத்தில் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிக் கச்சேரியே நின்றுவிட்டது. அதனால் 1975-ல் 'யாங்கி ஸ்டேடியத்தில் நேரடியாக' என்று வந்த எல்பிக்களில் பெரும்பகுதி போர்ட்டோ ரிக்கோவில் சான் ஹுவான் அரங்கில் பதிவு செய்ததுதான்.

நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே 'எல் மாலோ' முதல் பதிப்பு, பிரிக்காத கவர், 1967-லிருந்து கை படாதது என்று இணையத்தில் ஒருவர் விற்றார். 140 டாலர். நான் மேலே பேசிய அத்தனை வியாக்கியானத்தையும் மறந்துவிட்டு வாங்கினேன். பார்சலைப் பிரித்தேன், கவரின் பின்பக்க மூலையில் பார்கோடு சிரித்தது. அறுபத்தேழில் ஏது பார்கோடு? விற்றவர் படத்தில் அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்திருந்தார் என்பதை அப்புறம்தான் கவனித்தேன். இன்றைக்கும் அது அதே பிளாஸ்டிக் உறைக்குள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, ஒரு கீறல் இல்லை, யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.