அம்மாவின் காதும் கூரியர்காரரின் காதும்

அம்மாவின் காது தொலைந்து இன்றோடு பதினேழு நாள்.

காது என்றால் காதுக்கருவி. அம்மாவுக்கு எண்பத்தொரு வயது. அந்தக் கருவி இல்லாமல் அவரோடு கதைப்பதென்றால் ஒழுங்கையால் போகிறவர்களுக்கும் எங்கள் வீட்டுச் சங்கதி முழுக்கத் தெரிந்துவிடும். சென்ற மாதம் அது பழுதாகிப் போக, கொழும்புக்குப் போன உறவினர் ஒருவரிடம் கொடுத்துவிட்டோம். வெள்ளவத்தையில் திருத்தினார்கள். கடைக்காரர் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை கூரியரில் போட்டுவிட்டுப் பற்றுச்சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கூரியர் கட்டணம் 450 ரூபா. பெட்டிக்குள் இருந்த பொருளை இன்று புதிதாக வாங்குவதென்றால் ஒன்றேகால் லட்சத்துக்குக் குறையாது.

வெள்ளிக்கிழமையும் வரவில்லை. இணையத்தில் இலக்கத்தை அடித்துப் பார்த்தேன். வியாழன் பகல் 11.40க்கு எங்கள் வீட்டுக்கு வந்ததாகவும், ஆள் இல்லாததால் திரும்பிப் போனதாகவும் ஆங்கிலத்தில் ஒரு வரி கிடந்தது.

நான் பாடசாலையில். வீட்டில் அம்மா மட்டும். காது கேளாதவருக்குக் காதுக்கருவியைக் கொண்டுவந்து படலையில் நின்று கூப்பிட்டால் அவருக்கு எப்படிக் கேட்கும்? அன்று ஒரு நாள் முழுக்கப் பிழை எங்கள் பக்கம்தான் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் நாயின் நினைவு வந்தது. எங்கள் நாய் படலையில் காகம் குந்தினாலே ஊரைக் கூட்டிவிடும். முன்வீட்டு அக்கா அன்று காலை முழுவதும் முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக் காகத்துக்குக் காவல் இருந்தவர். ஒரு மோட்டார் சைக்கிளும் வரவில்லை என்று அடித்துச் சொல்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, என் தொலைபேசிக்கு ஓர் அழைப்புக்கூட வரவில்லை. கோண்டாவிலில் எங்கள் ஒழுங்கைக்கு முதல் தடவை வருகிற எவரும் இரண்டு தரமாவது அழைக்காமல் வீட்டைக் கண்டுபிடித்த வரலாறு கிடையாது. முகவரியில் 'வைரவர் கோவிலடி' என்று இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் வைரவர் இல்லாத ஒழுங்கை எங்கே இருக்கிறது?

சனிக்கிழமை வாடிக்கையாளர் சேவைக்கு எடுத்தேன். சிங்களத்துக்கு ஒன்று, தமிழுக்கு இரண்டு, ஆங்கிலத்துக்கு மூன்று. இரண்டை அழுத்தினேன். பதினான்கு நிமிடம் ஒரே இசைத்துண்டு திரும்பத் திரும்ப ஓடியது. பிறகு ஒரு பிள்ளை வந்து சிங்களத்தில் வணக்கம் சொன்னார். என்னுடைய சிங்களம் சந்தையில் விலை கேட்பதற்குப் போதும், சண்டை பிடிப்பதற்குப் போதாது. தமிழில் கதைக்கக்கூடியவர் எடுப்பார் என்றார். யாரும் எடுக்கவில்லை. 1987இல் வந்த பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழிதான். அது அரச அலுவலகங்களைக் கட்டுப்படுத்தும், தனியார் கம்பனியைக் கட்டுப்படுத்தாது என்று ஒருவர் எனக்குச் சட்டம் சொன்னார். சரி, இருக்கட்டும். தமிழுக்கு இரண்டை அழுத்து என்று நானா கேட்டேன்? அவர்களாகத்தானே சொன்னார்கள்!

அடுத்தடுத்த நாட்களில் மூன்றை அழுத்தினேன். 'இருபத்துநான்கு மணித்தியாலத்துக்குள் அறியத் தருவோம்' என்று ஆறு தரம் சொன்னார்கள். ஒவ்வொரு தரமும் ஒரு புதிய முறைப்பாட்டு இலக்கம். இப்போது என்னிடம் பொதி இல்லை, பொதியின் இலக்கத்தோடு சேர்த்து இலக்கம் மட்டும் ஏழு இருக்கிறது.

நேரில் போனேன். யாழ்ப்பாணக் கிளையில் இருந்த தம்பி மரியாதையான பிள்ளை. "ரீச்சர், முறைப்பாடு அனுப்பியவர்தான் கொடுக்க வேண்டும், பெறுபவர் கொடுத்தால் எடுக்க மாட்டார்கள்" என்றார். கடைக்காரருக்கு எடுத்தேன். "நான் ஒப்படைத்துவிட்டேன் அக்கா, பற்றுச்சீட்டு உங்களிடம் இருக்கிறதே, நீங்கள்தான் கேட்க வேண்டும்" என்றார். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை அப்போதுதான் பார்த்தேன். எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து. பெறுமதியை முன்கூட்டியே அறிவித்துக் காப்புறுதி செய்யாவிட்டால் இழப்பீடு இவ்வளவுதான் என்று ஒரு தொகை போட்டிருக்கிறது. அந்தத் தொகைக்குக் கருவியின் மின்கலம் வாங்கலாம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று கடைக்காரரிடம் ஒருவரும் கேட்கவில்லை, அவராகவும் சொல்லவில்லை.

கிளை வாசலில் பொதிகளை ஏற்றிக்கொண்டிருந்த இன்னொரு தம்பியோடு கதைத்ததில்தான் கொஞ்சமாவது விளங்கியது. இரவு கொழும்பிலிருந்து லொறி வெளிக்கிடும். விடியப்புறம் இங்கே இறக்கிப் பிரிப்பார்கள். கை மாறுகிற ஒவ்வோர் இடத்திலும் பட்டைக்குறியை வாசிக்க வேண்டும். அவருக்குச் சம்பளம், வீடுகளில் கொடுத்து முடித்த பொதிக்கு இவ்வளவு என்ற கணக்கில். மாலைக்குள் முடியாததற்கு ஒரு காரணம் பதிய வேண்டும், பதியாவிட்டால் ஏச்சு விழும். பதிவதற்கு மிகச் சுகமான காரணம் 'ஆளில்லை'. அவர் இதை ஒளிக்காமல் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. வெயிலில் நாள் முழுக்க ஓடுகிற பிள்ளை.

ஆனால் அவர் சொன்னதை வைத்து யோசித்துப் பாருங்கள். கடைசியாக எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, யாருடைய கருவியில் அந்தப் பட்டைக்குறி வாசிக்கப்பட்டது என்பது அவர்களுடைய கணினியில் இருக்கிறது. 'தேடுகிறோம்' என்று அவர்கள் சொல்வது உண்மையானால் தேட வேண்டிய தூரம் வெள்ளவத்தை தொடக்கம் கோண்டாவில் வரை அல்ல. ஒரு மேசை, ஒரு சாக்கு, ஓர் ஆள். அதைக் கேட்க ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். பதினேழு நாளில் அந்த ஓர் அழைப்பை யாரும் எடுக்கவில்லை.

பொருள் தொலைவது எனக்குப் புதிது அல்ல. போர் நடந்து, யாழ்ப்பாணத்துக்கு வரும் A9 பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் கடிதங்களுக்கு மாதக்கணக்கில் காத்திருந்த ஆட்கள் நாங்கள். எனக்குப் பொறுக்க முடியாதது, 'தொலைந்துவிட்டது' என்று ஒருவர் வாயால் வராததுதான். அந்த ஒரு சொல்லைச் சொன்னால் நான் அடுத்த வேலையைப் பார்ப்பேன். கடைக்காரரோடு கதைப்பேன், கடன்பட்டாவது வேறு கருவி எடுப்பேன். அவர்களோ 'பரிசீலனையில் உள்ளது' என்கிறார்கள். சொன்னால் ஒருவர் பொறுப்பாளியாகிவிடுவார். சொல்லாவிட்டால் எவரும் இல்லை.

சில வருடங்களுக்கு முன் தங்கைக்கு முருங்கைக்காயும் ஒடியல்மாவும் பனாட்டும் கட்டி இரவு பஸ்ஸில் போட்டேன். பற்றுச்சீட்டு இல்லை. பஸ் இலக்கத் தகட்டையும் நடத்துநரின் தொலைபேசி இலக்கத்தையும் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். பொதி மாறி வேறு யாருக்கோ போய்விட்டது. நடத்துநர் மறுநாள் காலையே எடுத்து, "அக்கா, என்னுடைய பிழை, மாறிக் கொடுத்துவிட்டேன்" என்றார். மூன்றாம் நாள் காசோடு நேரில் வந்தார். பனாட்டுக்குக் காசு வாங்க எனக்குக் கூச்சமாக இருந்தது, பாதியைத் திருப்பிக் கொடுத்தேன். அவருக்கும் பொருள் தொலைந்தது. ஆனால் அடுத்த கிழமையும் அவர் அதே பஸ் நிலையத்தில், அதே முகத்தோடு நிற்க வேண்டும். தலைமை அலுவலகத்தில் இருப்பவருக்கு அந்தத் தொல்லை இல்லை.

நேற்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு அனுப்பினேன். பணம் பெற்றுச் சேவை வழங்குகிறவர் அதை உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது, பற்றுச்சீட்டின் பின்பக்கம் என்ன சொன்னாலும். முதலில் அவர்களுடைய 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து விவரம் கேட்கலாம். எழுதும்போது பற்றுச்சீட்டுப் பிரதி, இணையப் பக்கத்தின் படம், நீங்கள் எடுத்த அழைப்புகளின் திகதியும் நேரமும், எல்லாவற்றையும் சேர்த்துவிடுங்கள். நான் அந்த ஏழு இலக்கங்களையும் வரிசையாக எழுதினேன். கடிதத்தைப் பதிவுத் தபாலில்தான் போட்டேன். தபால் கந்தோரில் இருந்தவர் முகவரியைப் பார்த்துவிட்டு, "என்ன ரீச்சர், கூரியரில் அனுப்பவில்லையோ?" என்று கேட்டார். இவருக்கும் கதை தெரிந்திருக்கிறது. அம்மாவோடு கத்திக் கதைத்ததன் பலன்.

கடைக்காரருக்கும் மனம் கேட்கவில்லை போலும். பழைய கருவி ஒன்று இருக்கிறது, திருத்தம் முடியும் வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று தந்துவிட்டிருக்கிறார். திருத்தத்துக்கு இனி எதைக் கொடுப்பது என்று நான் கேட்கவில்லை. நேற்றிரவு அதைப் பஸ்ஸில் போட்டுவிட்டார். அதே நடத்துநர்தான்.

இன்று விடியப்புறம் நாலு மணிக்குத் தொலைபேசி அடித்தது. "அக்கா, முறிகண்டிப் பிள்ளையார் கோவிலடியில் நிற்கிறோம். பெட்டி என் மடியில்தான் இருக்கிறது. ஆறு மணிக்குள் பஸ் நிலையத்துக்கு வாருங்கள்." பின்னால் தேங்காய் உடைக்கிற சத்தம் கேட்டது. அம்மா எழும்பி, யார் இந்த நேரத்தில் என்று கேட்டார். சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன், நாய் குரைத்தது.