க்யூவைச் சுவரில் சாத்தாதீர்கள்!

நேற்று ராத்திரியிலிருந்து மனசு ஆறவே இல்லை. குன்னூரில் மேசை மேல் பந்தை அடித்துக் குழியில் தள்ளும் பூல் ஆடுகிற எல்லோரும் இதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்டம் முடிந்ததும் க்யூவை, அதாவது பந்தை அடிக்கிற நீள மரக்கோலை, சுவரில் சாத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். என்ன சுவர் அது? ஐப்பசி பிறந்ததிலிருந்து ஓதம் ஏறி, விரலை வைத்தாலே சுண்ணாம்பு பெயர்ந்து வருகிற சுவர்.

நான் க்யூ ரிப்பேர் பழக ஆரம்பித்து 4 மாதம்தான் ஆகிறது. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடையாது. பூல் பார்லரில் ஒதுக்கிப் போட்ட க்யூக்களை வாங்கி வந்து, எல்லோரும் தூங்கிய பிறகு சமையல் மேடையில் வைத்துப் பழகுகிறேன். போன வாரம் ஒரு பையன் தன் சொந்த க்யூவையே கொண்டுவந்து, "டிப் மாத்திக் குடுங்கண்ணா" என்றான். டிப் என்பது க்யூ நுனியில் பந்தில் படுகிற சின்னத் தோல் துண்டு. என்னை நம்பி ஒருவர் கொடுத்த முதல் க்யூ. மூன்று ராத்திரி உட்கார்ந்தேன்.

பழைய டிப்பைப் பிளேடால் சீவி எடுத்து, அதற்கு அடியில் நுனியைச் சுற்றி இருக்கிற பூணான ஃபெரூலின் தலையில் காய்ந்திருந்த பசையைச் சுரண்டினேன். அந்தத் தலை துளி குவிந்திருந்தாலும் டிப் நடுவில் மட்டும்தான் பிடிக்கும், ஓரம் தூக்கிக்கொள்ளும், அடித்தால் செத்த சத்தம் வரும். அதனால் புது டிப்பின் அடித்தோலையும் கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாள் விரித்துத் தேய்த்துச் சமமாக்கினேன். சூப்பர் க்ளூ காற்றிலுள்ள ஈரத்தை வாங்கித்தான் இறுகும். இந்த மழையில் நகர்த்தி நடுவில் வைப்பதற்குள் பிடித்துவிடுகிறது. முதல் டிப் கோணலாக உட்கார்ந்துவிட்டது. சீவி எறிந்துவிட்டு மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது சரியாக உட்கார்ந்தது. ஒரு ராத்திரி தொடவே இல்லை. மறுநாள் க்யூவைத் தலைகீழாகப் பலகையில் ஊன்றி, பிதுங்கி நின்ற தோலைக் கீழ்நோக்கிச் சீவினேன். ஃபெரூலில் கீறல் விழக்கூடாதென்று டேப் சுற்றிக்கொண்டு 600 நம்பர் தாளால் ஓரத்தை வழித்தேன். கடைசியில் எச்சில் தொட்டு, பழைய பெல்ட் துண்டால் பளபளக்கும் வரை தேய்த்தேன். கொடுக்கும்போது டேபிளில் உருட்டிக் காட்டினேன். சத்தமில்லாமல் நேராக உருண்டது. அவனும் பார்த்தான்.

நேற்று பத்துப் பேருக்கு முன்னால் கேட்கிறான்: "என்னண்ணா, டிப் மாத்தச் சொன்னா ஸ்டிக்கையே வளைச்சுட்டீங்க?" உருட்டினான். நுனி ஏறி ஏறி இறங்கியது. ஆறே நாளில்! எங்கே வைத்திருந்தாய் என்று கேட்டேன். "இங்கதான்" என்று ஜன்னலுக்குக் கீழே கையைக் காட்டினான். சாரல் அடிக்கிற இடம். ஆறு நாள், ராத்திரி பகலாக அங்கேயே சாத்தி வைத்திருக்கிறான். க்யூ சாய்ந்திருந்த இடத்தில் சுவரில் கோடு விழுந்திருக்கிறது. ஷாஃப்டில், அதாவது க்யூவின் முன்பாதித் தண்டில், அதே சுண்ணாம்பு. இரண்டையும் தொட்டுக் காட்டினேன். "சுவத்துல வச்சா வளையுமாண்ணா?" என்கிறான். கொடுத்த 200 ரூபாயைத் திருப்பிக் கேட்டான். எடுத்து நீட்டிவிட்டேன்.

மரம் அய்யா அது! கெட்டியான மேப்பிளாக இருந்தாலும் மரம் ஈரம் குடிக்கத்தான் செய்யும். ஒரு பக்கம் அதிகமாக ஊறி, மறுபக்கம் குறைவாக ஊறினால் வளையாமல் என்ன செய்யும்? சாய்ந்து நிற்கிற கனமும் அதோடு சேர்ந்துகொள்கிறது. டிப் மாற்றுவது நுனியில் நடக்கிற வேலை. 58 அங்குல க்யூ நடுவில் வளைவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? நடுவில் திருகினால் இரண்டு துண்டாகக் கழன்று வருகிறது, உறையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோக அரை நிமிடம் ஆகாது. பார்லர்காரரிடம் ஒரு ஸ்டாண்ட் வையுங்கள் என்று மூன்று மாதமாகச் சொல்கிறேன். காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

பூல் மாதிரியே க்யூவால் ஆடுகிற ஸ்னூக்கருக்கு 1880-களில் விதிமுறை எழுதி வைத்தது இங்கே பக்கத்தில், ஊட்டி கிளப்பில். அந்த மலையில் இருந்துகொண்டு க்யூவை எங்கே வைக்க வேண்டும் என்று நான் தொண்டை வறளச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் இதே ஈரம்தான். மகள் அழுதுகொண்டிருக்கிறாள். மூன்று நாளாக அவளுடைய வெள்ளை சாக்ஸ் காயவில்லை. அடுப்புக்கு மேலே கொடி கட்டியும் காயவில்லை. நேற்று கறுப்பு சாக்ஸ் போட்டுப் போனதற்கு ஒரு பீரியட் முழுக்க வகுப்புக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். கார்த்திகை மழையில், குன்னூரில், ஏழு வயசுக் குழந்தையை!