லிமசோல் ஒயின் திருவிழாவில் மலையூர்களுக்கு முதலிடம் வேண்டும்

சைப்பிரஸ் தீவின் லிமசோல் நகரில் நடக்கும் ஒயின் திருவிழாவுக்குச் சென்று வந்ததிலிருந்து ஒரு கருத்து மனத்தை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதை விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

சைப்பிரஸ் 1960-இல் விடுதலை பெற்றது. அடுத்த ஆண்டே இந்தத் திருவிழா தொடங்கிவிட்டது. கடற்கரையை ஒட்டிய நகராட்சிப் பூங்காவில், திராட்சை அறுவடைக் காலத்தை ஒட்டி, மாலை வேளைகளில் நடக்கிறது. வ்ராகா என்ற தொளதொளத்த கால்சட்டை அணிந்த திராட்சை விவசாயியின் பேருருவம்தான் விழாவின் அடையாளம். நுழைவுச் சீட்டு வாங்கியவர்கள் ஒயின் நிறுவனங்களின் பீப்பாய்களிலிருந்து வேண்டிய மட்டும் வாங்கிக் குடிக்கலாம் என்பது நெடுநாள் வழக்கம். ஆனால் வேண்டிய மட்டும் கிடைக்கும் பொருளை யாரும் நின்று கவனிப்பதில்லை. உலகின் மிகப் பழமையான ஒயின் வகைகளுள் ஒன்றான கொமாண்டாரியாவைப் பலர் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு அடுத்த பீப்பாயை நோக்கி நகர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருந்தது.

கொமாண்டாரியா அப்படி விழுங்கிவிடக்கூடிய பானம் அல்ல. ட்ரூடோஸ் மலையின் தென்சரிவில் உள்ள 14 கிராமங்களில் விளையும் மாவ்ரோ என்ற கறுப்புத் திராட்சையும் ஜினிஸ்தேரி என்ற வெள்ளைத் திராட்சையும் மட்டுமே இதற்குப் பயன்படலாம் என்பது சட்டம். நன்கு பழுத்த குலைகளைப் பறித்து வெயிலில் பரப்பி, ஒரு வாரத்துக்கும் மேலாகக் காயவைத்து, நீர் வற்றிச் சர்க்கரை திரண்ட பிறகே சாறு பிழிகிறார்கள். திராட்சையை இப்படி வெயிலில் காயவைத்து ஒயின் செய்யும் முறையைக் கிரேக்கக் கவி ஹெசியட் ஏறத்தாழ 2,700 ஆண்டுகளுக்கு முன்பே பாடியிருக்கிறார். நொதித்த ஒயின் குறைந்தது 2 ஆண்டுகள் ஓக் பீப்பாயில் முதிர வேண்டும். சிலுவைப் போர்க் காலத்தில் இப்பகுதியை ஆண்ட மாவீரர் சபை என்ற கிறிஸ்தவப் போர்வீரத் துறவியரின் தலைமையிடமாக இருந்த கொலோசிக் கோட்டை லிமசோலுக்கு மேற்கே இன்றும் நிற்கிறது. ஒயினுக்குப் பெயர் வந்ததும் அவர்களுடைய ஆட்சிப் பகுதியிலிருந்துதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்செரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது இந்தத் தீவு தப்பித்துக்கொண்டது. ஆகவே மற்ற இடங்களில் அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டி வளர்க்கும் நிலையில், இங்கே கொடிகள் தம் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

விழாவில் நான் அதிக நேரம் நின்றது சுஜூக்கோஸ் என்ற தின்பண்டம் செய்யும் இடத்தில்தான். திராட்சைச் சாற்றில் மாவு கலந்து, அகன்ற கொப்பரையில் கைவிடாமல் கிளறிக் கூழாகக் காய்ச்சுகிறார்கள். இதற்குப் பலூசே என்று பெயர். நூலில் கோத்த பாதாம் பருப்புச் சரத்தை அந்தக் கூழில் முக்கி எடுத்துத் தொங்கவிட்டு, மேற்பூச்சு உலர்ந்ததும் மறுபடியும் முக்குகிறார்கள். ஒவ்வொரு முக்கலுக்கும் சரம் சற்றே பருத்து, கடைசியில் தடித்த மெழுகுவத்திபோல் ஆகிவிடுகிறது. அதைக் குறுக்கே நறுக்கினால் நடுவில் வெள்ளைப் பருப்பும் சுற்றிலும் பழுப்பு வளையங்களும் தெரிகின்றன. காலால் திராட்சை மிதித்துக் காட்டும் நிகழ்ச்சிக்குத்தான் கூட்டம் அலைமோதியது. படம் எடுப்பதற்கு அது நன்றாக இருக்கும், ஆனால் உழைப்பையும் பொறுமையையும் சொல்லித் தருவது இந்தக் கொப்பரைதான் என்பது என் துணிபு.

மலையூர்களில் இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்கு இறங்கிவிட்டார்கள். தீவின் திராட்சைப் பரப்பும் முன்பிருந்ததைவிட வெகுவாகச் சுருங்கிவிட்டது. செங்குத்தான சரிவில் இயந்திரம் ஏறாது. கையால்தான் பறிக்க வேண்டும், கையால்தான் பரப்ப வேண்டும், மழை வருமோ என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டு விளைவிப்பவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை கிடைக்கவில்லை என்றால், இந்தச் சரிவுகளில் இன்னும் எத்தனை காலம் கொடி நிற்கும்? நகரத்தின் விழா அந்த ஊர்களுக்குக் கைகொடுக்காவிட்டால் வேறு எது கொடுக்கும்?

விழாவை நடத்தும் நகராட்சியினரிடம் நான் எதிர்பார்ப்பது பெரிய மாற்றம் அல்ல. மற்ற ஒயின்கள் இப்போதுபோலவே தாராளமாக வழங்கப்படட்டும். கொமாண்டாரியாவை மட்டும் தனிப் பந்தலில், சிறிய குவளையில், எந்த ஊரின் திராட்சை, எந்த ஆண்டின் அறுவடை என்று எழுதிவைத்து, அந்த ஊர்க்காரர் ஒருவரே ஊற்றித் தரட்டும். அதற்குத் தனிக்கட்டணம் வாங்கி முழுவதையும் விளைவித்தவருக்கே கொடுத்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். விழா நாட்களில் காலையில் கலோ கோரியோ, லானியா போன்ற ஊர்களுக்குப் பேருந்து விட்டு, திராட்சை காயும் களங்களைப் பார்த்த பிறகு மாலையில் பூங்காவுக்கு வரும்படி செய்யலாம். லிமசோலிலிருந்து அந்த ஊர்கள் தொலைவிலும் இல்லை.