மணமக்கள் இல்லாத அந்த ஒரு மணி நேரம்

கல்யாணத்தில் மணமக்களே இல்லாத நேரம் ஒன்று இருக்கிறது. சடங்கு முடிந்து, கைதட்டி, கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லாரும் வெளியே வருவார்கள். பொண்ணும் மாப்பிள்ளையும் போட்டோகிராபரோடு எங்கோ போய்விடுவார்கள். குடும்பப் படத்துக்கு ஆள் வேண்டும் என்று இரண்டு வீட்டுப் பெற்றவர்களையும் பின்னாலேயே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ரிசப்ஷன் கூடம் இன்னும் திறந்திருக்காது. மிச்சம் இருப்பது விருந்தாளிகளும் ஒரு பாரும்தான். இந்த இடைவெளிக்குத்தான் காக்டெய்ல் ஹவர் என்று பெயர்.

என் தம்பி கல்யாணத்தில் அந்த ஒரு மணி நேரம் என் பொறுப்பில் இருந்தது. அது கொஞ்சம் நன்றாக அமைந்துவிட்டதால், அதற்கப்புறம் நண்பர்கள் வட்டத்தில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் "ஏதாவது கிரியேட்டிவா ஐடியா சொல்லு" என்று எனக்கு போன் வந்துவிடுகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும், காபியோ வேறு எதுவோ கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு அக்கறை வந்ததற்கு முன்கதை ஒன்று உண்டு. வேறொரு கல்யாணத்துக்கு நான் வெறும் விருந்தாளியாகப் போயிருந்தேன். அலங்காரத்தில் குறையே சொல்ல முடியாது. பூவால் ஒரு சுவர், நியானில் மணமக்கள் பெயர், நடுவில் கண்ணாடிக் கோப்பைகளை அடுக்கி ஷாம்பெயின் கோபுரம். ஆனால் பார் ஒன்றுதான், அதில் இரண்டு பேர். காக்டெய்லை ஒவ்வொன்றாகக் குலுக்கி, வடிகட்டி, எலுமிச்சைத் தோலைச் சுருட்டி மேலே வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசை வாசல் வரை நின்றது. நாற்பது நிமிஷத்தில் ஐஸ் தீர்ந்தது. உட்கார நாற்காலி இல்லை, இடுப்பு உயர மேஜைகள் மட்டும்தான். வயதான பெரியவர் ஒருவர் படிக்கட்டில் உட்கார்ந்து, ஷூவைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, என்னிடம் கேட்டார்: "பொண்ணு மாப்பிள்ளை எப்பதாம்மா வருவாங்க?" எனக்கென்ன தெரியும். அவர்கள் வரும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

அன்றைக்கு ஒன்று உறைத்தது. வீட்டுக்கு யாராவது வந்தால் என்ன செய்வோம்? வாங்க என்போம், உட்காரச் சொல்வோம், குடிக்க ஏதாவது கொடுப்போம், "இவர் இன்னார்" என்று மற்றவரிடம் அறிமுகம் செய்வோம். இந்த நான்கையும் செய்ய வேண்டியவர்கள் எல்லாம் அந்த ஒரு மணி நேரம் கேமரா முன்னால் நிற்கிறார்கள். அவர்கள் வேலையைச் செய்ய வேறு ஏதாவது வேண்டும். எந்த ஐடியாவைக் கேட்டாலும் நான் கேட்டுப் பார்ப்பது இதைத்தான்: இந்த நான்கில் இது எதைச் செய்கிறது? ஷாம்பெயின் கோபுரம் ஒன்றையும் செய்யவில்லை. ஐந்து அடுக்குச் சதுரக் கோபுரத்துக்கு 55 கோப்பை வேண்டும். அகலமான அந்தக் கோப்பையில் வாயு சீக்கிரம் போய்விடும். மேலிருந்து வழிந்து வழிந்து வெளிப்புறமெல்லாம் பிசுபிசுத்துக் கிடக்கும், தைரியமாக எடுத்துக் குடிப்பவர் அபூர்வம். படத்துக்கு அழகுதான். படம் எடுக்க வேண்டிய இரண்டு பேரும் அங்கே இல்லை என்பதுதான் வேடிக்கை.

சரி, தம்பி கல்யாணத்துக்கு வருகிறேன். முதலில் கணக்குப் போட்டேன். சுமார் 100 பேர். முதல் ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு இரண்டு பானம் என்று வைப்பது வழக்கம், ஆக 200 கோப்பை. நிமிஷத்துக்கு ஒன்று என்று ஒருவர் மூச்சு விடாமல் குலுக்கினாலும் இரண்டு பேரால் 120தான் ஆகும். மிச்சம் 80 கோப்பைக்கு என்ன செய்வது? இன்னும் ஆள் போடலாம், செலவு ஏறும். அதைவிட எளிய வழி, முன்கூட்டியே மொத்தமாகக் கலந்து பாட்டிலில் குளிர வைத்துவிடுவது. ஊற்றினால் போதும், பத்து வினாடி வேலை.

இதில் பலர் சறுக்கும் இடம் தண்ணீர். ஐஸ் போட்டுக் கலக்கும்போது அது உருகி, கோப்பையில் சேர்வதில் ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நாலில் ஒரு பங்கு வரை தண்ணீராகத்தான் இருக்கும். மொத்தமாகக் கலந்து வைக்கும்போது அந்த ஐஸ் உருகுவதில்லை, அதனால் தண்ணீரை நாமே அளந்து சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் தொண்டை எரியும், ஆளும் சீக்கிரம் தள்ளாடுவார். தண்ணீர் கலப்பதா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு தகவல்: காக்டெய்ல் என்றால் என்ன என்று 1806இல் ஒரு வாசகர் கேட்டதற்கு, நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரப் பத்திரிகை ஒன்று பதில் போட்டது. ஏதோ ஒரு மது, சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் (சொட்டுச் சொட்டாக விடுகிற மூலிகைக் கசப்புச் சாறு). அச்சில் வந்த அந்தப் பழைய விளக்கத்திலேயே தண்ணீர் ஒரு சேர்மானம். எலுமிச்சைச் சாற்றை மட்டும் அன்றைக்கே பிழியுங்கள், முந்தின நாள் சாறு மங்கிவிடும். சோடாவோ ஸ்பார்க்கிளிங் ஒயினோ கடைசி நேரத்தில்தான்.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. ஆளுக்கு அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை வாங்குங்கள். பாட்டில்களைப் புதைத்துக் குளிர வைக்கவும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பது யாருக்கும் கடைசி வரை ஞாபகம் வராது.

அப்புறம், பானம். மணமக்களுக்குப் பிடித்ததாக ஆளுக்கு ஒன்று என்று இரண்டு காக்டெய்ல் வைப்பது இப்போது எல்லா இடத்திலும் உண்டு. நல்லதுதான், இரண்டே வகை என்றால் வரிசை வேகமாக நகரும். ஆனால் வெறும் பெயர்ப்பலகையோடு நின்றுவிடாதீர்கள். நாங்கள் ஒவ்வொரு பானத்துக்கும் பக்கத்தில் இரண்டு வரி எழுதி வைத்தோம். தம்பியுடையதில் "முதல் சந்திப்புக்கு நாற்பது நிமிஷம் லேட்டாக வந்தபோது இவர் வாங்கிக் கொடுத்தது, மன்னிப்பாக" என்று இருந்தது. அதைப் படித்த பொண்ணு வீட்டு அத்தை ஒருவர் அறிமுகமே இல்லாத என் நண்பனிடம் திரும்பி, "நாற்பது நிமிஷமா? எங்க பொண்ணு ஒரு மணி நேரம்னு இல்ல சொன்னா?" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், அறிமுகம் ஆகிவிட்டது.

வலுவை குறைத்து வைப்பதும் முக்கியம். வந்தவர்கள் வெறும் வயிறு, சடங்கு முடிய நேரம் ஆகியிருக்கும், வெறும் வயிற்றில் மது வேகமாக ஏறும். இத்தாலிக்காரர்களின் ஸ்ப்ரிட்ஸ் இதற்கென்றே பிறந்தது போல இருக்கும்: 3 பங்கு புரோசெக்கோ என்கிற ஸ்பார்க்கிளிங் ஒயின், 2 பங்கு ஆபரோல் என்கிற கசப்பு மது, 1 பங்கு சோடா. ஆபரோலில் மதுவின் அளவு 11 சதவீதம்தான், ஜின் விஸ்கியெல்லாம் 40ஐத் தொடும். சற்றே கசப்பு இருப்பதால் பசியையும் கிளப்பும். பசியைக் கிளப்பினால் தின்ன ஏதாவது கொடுக்க வேண்டுமே, அதனால் தட்டு முதல் ஐந்து நிமிஷத்திலேயே வெளியே வந்துவிட வேண்டும். ஆளுக்கு ஆறு முதல் எட்டு துண்டு. ஒரு கையில் கோப்பை இருக்கும் என்பதை மறக்காதீர்கள். ஒரே வாயில் முடிய வேண்டும், சாறு சட்டையில் சொட்டக் கூடாது, குச்சியைப் போட இடம் வேண்டும். குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் திரிந்த அனுபவம் எல்லாருக்கும் இருக்கும்.

குடிக்காதவர்களைப் பற்றிப் பேசினால் எனக்குக் கொஞ்சம் கோபம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கல்யாணத்திலும் குடிக்காதவர்கள் ஒரு பெரிய கூட்டம். வண்டி ஓட்டுபவர், கர்ப்பிணி, மருந்து சாப்பிடுபவர், விட்டுவிட்டவர், பிடிக்காதவர். இவர்களுக்குக் கிடைப்பது என்ன? ஓரத்தில் ஒரு மேஜை, பிளாஸ்டிக் டம்ளரில் ஆரஞ்சு ஜூஸ். என்னமோ பிள்ளைகளோடு சேர்த்து உட்கார வைத்த மாதிரி. மாக்டெய்ல் (மது இல்லாத காக்டெய்ல்) என்று வைத்தாலும் சிரப்பும் சோடாவுமாக வெறும் தித்திப்பு, பாதிக்கு மேல் இறங்காது. மதுவில் இருக்கிற அந்தக் காரமும் துவர்ப்பும் கசப்பும் இல்லாததுதான் குறை, அதை வேறு வழியில் கொண்டுவரலாம். குளிர்ந்த நீரில் ஊறவைத்த தேநீர் துவர்ப்பைத் தரும். ஷ்ரப் என்று ஒன்று உண்டு, பழத்தையும் சர்க்கரையையும் ஊறவைத்து வினிகர் சேர்த்து எடுக்கிற சிரப். சோடாவில் கலந்தால் நாக்கைச் சுண்டி இழுக்கும். இஞ்சி இருக்கவே இருக்கிறது. அதே அழகான கோப்பையில், அதே ட்ரேயில், அதே மரியாதையோடு கொடுங்கள். எது மது உள்ளது, எது இல்லாதது என்று மட்டும் பளிச்சென்று தெரிய வேண்டும், நாங்கள் மது இல்லாததற்கு ஒரு புதினா இலையை அடையாளமாக வைத்தோம். இன்னொன்று: மாக்டெய்லில் "சும்மா நாலு சொட்டு" என்று பிட்டர்ஸ் விடுவார்கள். அந்தப் பாட்டிலில் இருப்பதும் விஸ்கி அளவுக்கு வலுவான மதுதான். விட்டுவிட்டவருக்கு அந்த நாலு சொட்டும் வேண்டாம்.

அன்றைக்கு அதிகமாகக் கூட்டம் சேர்ந்ததும் மது இல்லாத ஒரு பானத்துக்குத்தான். சங்குப்பூவைச் சுடுநீரில் போட்டு எடுத்த நீலச் சாறு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு, ஐஸ், சோடா. பக்கத்தில் விரல் நீளக் குப்பியில் எலுமிச்சைச் சாறு. ஊற்றுவது விருந்தாளி வேலை. சாறு பட்ட இடத்தில் நீலத்துக்குள் ஒரு ஊதாப் புகை இறங்கி, மெதுவாகப் பரவி, கடைசியில் கோப்பை முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். பூவின் நிறமியான ஆந்தோசயனின் புளிப்புப் பட்டால் நிறம் மாறும், அவ்வளவுதான் ரகசியம். (சோடாவிலும் லேசான புளிப்பு உண்டு, அதனால் எலுமிச்சை வரும் வரை நீலம் கொஞ்சம் ஊதா சாயலில்தான் இருக்கும். பரவாயில்லை.) சூட் போட்ட ஒரு பெரிய மனிதர் தன்னுடையதை மாற்றி முடித்துவிட்டு, பக்கத்தில் நின்ற யாரோ ஒரு சிறுமியிடம் "உன்னோடதையும் நானே ஊத்தட்டுமா?" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவள் கொடுக்கவில்லை.

பொழுதுபோக்கு என்று வந்தால் மேடை வைக்காதீர்கள். மேடை வந்தால் எல்லாரும் ஒரு பக்கம் திரும்பி வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். கூட்டத்துக்குள் நடந்து நாலு பேருக்கு நடுவில் சீட்டுக்கட்டு வித்தை காட்டுகிற மந்திரவாதி என்றால் சரி, அந்த நாலு பேரும் வித்தை முடிந்த பிறகும் பேசிக்கொண்டிருப்பார்கள். நேரில் நின்று ஓவியம் வரைபவரும் அப்படித்தான், சும்மா எட்டிப் பார்த்தபடி நிற்க ஒரு சாக்கு கிடைக்கிறது. தனியாக வந்தவர்களுக்கு அந்தச் சாக்கு எவ்வளவு பெரிய உதவி என்று தனியாகப் போனவர்களுக்குத் தெரியும். இசை இருக்கட்டும், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்பவரோடு குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவுக்கு. போட்டோ பூத்? இருந்தால் இருக்கட்டும்.

செலவே இல்லாமல் பலன் தந்தது பழைய படங்கள். இரண்டு குடும்பத்துத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அத்தை மாமா எல்லாருடைய கல்யாணப் படங்களையும் வாங்கி, ஒரே அளவில் பிரதி எடுத்து, பெயர் போடாமல் ஒரு நீள மேஜையில் வைத்தோம். எண் மட்டும். யார் யார் என்று கண்டுபிடித்து ஒரு சீட்டில் எழுத வேண்டும். நம் வீட்டு ஆட்களை நமக்குத் தெரியும், மிச்சப் பாதியைச் சம்பந்தி வீட்டாரிடம்தான் கேட்டாக வேண்டும். அதுதான் அதில் இருந்த சூழ்ச்சி. என் பெரியம்மா 11ஆம் எண் படத்தைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, "இந்த மீசைக்காரர் யாரு, நல்லா இருக்காரே" என்றார். பின்னாலிருந்து ஒரு குரல்: "நான்தாங்க." மீசை மட்டும் இல்லை.

அந்த மேஜையைச் சுற்றி நாற்காலிகள் போட்டிருந்தோம். மூன்றில் ஒருவருக்காவது உட்கார இடம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு, வயதானவர்கள் அதிகம் என்றால் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவும் பாருக்குப் பக்கத்தில் வேண்டாம், வரிசையில் இடிபடுவார்கள். வாசலிலேயே ஒரு ட்ரே நிற்கட்டும், உள்ளே வருபவர் கையில் முதல் ஐந்து அடியிலேயே ஒரு கோப்பை வந்துவிட வேண்டும்.

போட்டோகிராபரிடம் முன்பே கறாராகப் பேசிக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம். சடங்குக்கு முன்பே ஜோடிப் படங்களில் பாதியை எடுத்துவிட மணமக்கள் ஒத்துக்கொண்டால் இன்னும் நல்லது, கடைசிப் பதினைந்து நிமிஷம் அவர்களே வந்து ஒரு கோப்பை குடித்துவிட்டுப் போகலாம். எங்கள் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை. சடங்குக்கு முன்னால் பார்த்துக்கொள்ளக் கூடாது என்று இரண்டு பேருக்குமே ஆசை. சரி, அவர்கள் கல்யாணம்.

கடைசியாக, ஒரு பழைய சுழல் டயல் டெலிபோன். வாடகைக்குக் கிடைக்கிறது, உள்ளே ஒலிப்பதிவுக் கருவி வைத்திருப்பார்கள். ரிசீவரை எடுத்தால் மணமக்கள் குரலில் ஒரு வணக்கம், ஒரு பீப், அப்புறம் நீங்கள் பேச வேண்டியதுதான். கையெழுத்துப் புத்தகத்தில் "வாழ்க வளமுடன்" என்று ஒரே வரி எழுதிவிட்டு நகர்கிறவர்கள் இதில் மூன்று நிமிஷம் பேசினார்கள், பாடினார்கள், ஒருவர் அழுதார். கல்யாணம் முடிந்து ஒரு வாரம் கழித்து எல்லாரும் சோபாவில் நெருக்கி உட்கார்ந்து அந்தப் பதிவுகளைக் கேட்டோம். ஒன்றில் யாரும் பேசவே இல்லை, ரிசீவரைச் சரியாக வைக்காமல் போயிருக்கிறார்கள். ஐஸ் கிணுகிணுக்கிற சத்தம், தூரத்தில் சிரிப்பு. அதற்கு நடுவில் ஒரு பெண் குரல், "பொண்ணு மாப்பிள்ளையை எங்கே காணோம்?" என்று கேட்கிறது.

"வருவாங்க, வருவாங்க. நீ அந்தப் பதினொண்ணாம் நம்பர் யாருன்னு சொல்லு" என்கிறது இன்னொரு குரல்.

தம்பி அதை மட்டும் மூன்று தடவை போடச் சொன்னான்.